ஓடிப்போன டோரதியைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: லண்டன்

ஸ்டாக்போர்ட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் லண்டனில் ஒரு நாள் தங்குகிறேன் என்றதும், "அரண்மனை பார்க்கவா, கடைக்குப் போகவா?" என்று கேட்டாள். ரெண்டும் இல்லை, ஒரு சிலையைப் பார்க்க வேண்டும் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சிலை தேம்ஸ் கரையில், விக்டோரியா எம்பாங்க்மென்ட் தோட்டத்தில் இருக்கிறது. ஒரு தூண், அதன் மேல் மீசை வைத்த ஒருவரின் மார்பளவு உருவம். தூணில் முகம் புதைத்து ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். சேலை நழுவியது மாதிரி இடுப்புவரை துணி சரிந்து கிடப்பதுகூடத் தெரியாத அளவுக்கு அழுகை. மேலே இருப்பவர் இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவன் (1842–1900), கீழே அழுவது இசைத் தேவதை. தூணில் பொறித்திருக்கும் வரிகள் அவருடைய இசைக்குப் பாட்டும் வசனமும் எழுதிய கூட்டாளி டபிள்யூ. எஸ். கில்பர்ட் எழுதியவை. வாழ்வு ஒரு வரம் என்றால், சாவு எப்போது கூப்பிட்டாலும் சீக்கிரமாகத்தான் கூப்பிட்டதாக ஆகும் என்ற கருத்து.

இந்த இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லித்தான் உலகத்துக்குப் பழக்கம். பள்ளியில் நாங்கள்கூட 'மிக்காடோ'வில் ஒரு துண்டு போட்டோம். பின்வரிசையில் விசிறியை விரித்து மூடுவது என் வேலை. 1885-இல் வந்த அந்த ஓபரா, அதாவது இசை நாடகம், முதல் தடவையே 672 காட்சிகள் ஓடியது. ஆனால் கில்பர்ட் இல்லாமலும் சல்லிவன் மேடைக்கு எட்டொன்பது படைப்புகள் எழுதியிருக்கிறார். அவற்றைக் கேட்டவர்கள் இங்கிலாந்திலேயே குறைவு. நான் வந்தது அதில் ஒன்றுக்காக.

தோட்டத்தை ஒட்டி மேட்டில் சவாய் அரங்கம். டோய்லி கார்ட் என்ற முதலாளி இந்த இருவருக்காகவே 1881-இல் கட்டியது. முழுக்க மின்விளக்கில் ஒளிர்ந்த முதல் பொதுக் கட்டடம் என்ற பெருமை அதற்கு உண்டு. 1890-இல் அந்த அரங்கத்துக்குப் போட்ட கம்பளத்தின் செலவைக் கணக்கில் எப்படி ஏற்றுவது என்பதில் கில்பர்ட்டுக்கும் கார்ட்டுக்கும் தகராறு. சல்லிவன் முதலாளி பக்கம் சாய்ந்தார். கோர்ட் வரை போய்விட்டது. பங்காளிச் சண்டைக்குக் காரணம் எப்போதும் வரப்பில் நின்ற வேப்பமரம் மாதிரி அற்பமானதாகத்தான் இருக்கும், இங்கே கம்பளம்.

அந்தப் பிரிவின்போது சல்லிவன் சிட்னி கிரண்டி என்ற நாடகாசிரியரோடு சேர்ந்து செய்ததுதான் 'ஹேடன் ஹால்', டோரதி என்ற பெண் காதலனோடு ஓடிப்போகும் கதை. 1892 செப்டம்பர் 24-இல் இதே சவாயில் அரங்கேறி 204 காட்சிகள் ஓடியது. தோல்வி என்று சொல்ல முடியாது. அப்போது இசை விமர்சகராக இருந்த பெர்னார்ட் ஷா, சவாய் ஓபரா என்ற வகையின் உச்சமே இதுதான் என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். பிறகு கில்பர்ட்டும் சல்லிவனும் சமாதானமாகி 1896-இல் போட்ட 'கிராண்ட் டியூக்' 123 காட்சிகளோடு நின்றுவிட்டது. ஆனாலும் இன்று அதைப் போட ஆள் உண்டு, காரணம் கில்பர்ட் பெயர். ஹேடன் ஹாலுக்கு அந்தப் பெயர் இல்லை.

அரங்கத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். 1892-இல் மக்கள் உட்கார்ந்து பார்த்த உள்பகுதி இப்போது இல்லை. 1929-இல் மொத்தமாக மாற்றிக் கட்டினார்கள், 1990-இல் அதுவும் எரிந்து, மறுபடி கட்டி 1993-இல் திறந்தார்கள். கம்பளமும் புதுசுதான்.

இரண்டாம் நாள்: ஸ்டாக்போர்ட்

சொல்ல அதிகம் இல்லை. பதிவு செய்த ரயில் ரத்து. அடுத்த ரயிலில் கழிப்பறைக் கதவை ஒட்டி ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வந்தேன். அக்கா வைத்திருந்த மிளகு ரசத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்க்கப் போனோம். அவரால்தான் இந்தப் பயணமே. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுபது தாண்டியவர், ஊர் இசைக்குழுவில் வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம்) வாசிக்கிறார். போன வருஷம் நான் வந்தபோது, "கில்பர்ட் இல்லாத சல்லிவன் கேட்டிருக்கிறாயா?" என்று கேட்டு, அட்டை பிய்ந்த ஒரு புத்தகத்தை மடியில் வைத்தார். 1892-இல் சாப்பல் கம்பெனி வெளியிட்ட ஹேடன் ஹாலின் பியானோ-பாட்டுப் பதிப்பு, அவருடைய பாட்டி ஊர்க் குழுவில் பாடிய பிரதி. இந்த வருஷம் அவருடைய குழு அதையே மேடையேற்றுகிறது. மூன்று வருஷமாகக் கமிட்டியில் வாக்குவாதம் செய்து வாங்கிய அனுமதியாம். "டிக்கெட் விற்காது என்று பொருளாளர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்," என்றார். "அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்."

மூன்றாம் நாள்: ஹேடன் ஹால்

ஓபராவில் வரும் மாளிகை நிஜமானது. ஸ்டாக்போர்ட்டிலிருந்து பக்ஸ்டனுக்கு ரயில், அங்கிருந்து பேக்வெல்லுக்குப் பஸ். பக்ஸ்டனில் ஒரு மணி நேரம் கிடைத்தது. ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்து 1903-இல் திறந்த ஓபரா ஹவுஸ் அங்கே இருக்கிறது. ரெண்டு பக்கமும் சின்னக் குவிமாடம், உள்ளே தொள்ளாயிரம் பேர் உட்காரலாம். நடுவில் சினிமாக் கொட்டகையாகவும் இருந்திருக்கிறது. 1979-இல் புதுப்பித்த பிறகு, மறந்துபோன ஓபராக்களைத் தேடிப் போடும் விழாவும் அதே வருஷம் தொடங்கியது. கில்பர்ட்-சல்லிவன் விழாவும் 1994 முதல் பல வருஷம் இங்கேதான் நடந்தது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் செயின்ட் ஆன் ஊற்றில் ஜனங்கள் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பாட்டில் பிடித்தேன். வெதுவெதுவென்று இருக்கிறது, கெட்டிலில் சுட்டு ஆறிய நீர் மாதிரி.

பேக்வெல்லிலிருந்து ஹேடன் ஹாலுக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர். மே மாதம் என்று சொன்னார்கள், காற்று மார்கழிக் காற்று. கீழே வை ஆறு, மேலே சரிவில் சாம்பல் நிறக் கல்லில் மாளிகை.

கதை இதுதான். 1563 வாக்கில் இந்த மாளிகையின் எஜமான் சர் ஜார்ஜ் வெர்னன், 'பீக் நாட்டு ராஜா' என்று பட்டப்பெயர் எடுத்தவர் (பீக் என்பது இந்த மலைப்பகுதி). அவர் மகள் டோரதி, அப்பாவுக்குப் பிடிக்காத ஜான் மேனர்ஸைக் காதலித்தாள். வீட்டில் விருந்து நடந்த ராத்திரி, சத்தம் இல்லாமல் பக்கக் கதவு வழியே இறங்கி, பாலம் தாண்டி, குதிரையில் காத்திருந்தவனோடு போய்விட்டாள்.

கதவு இருக்கிறது. படிகள் இருக்கின்றன. கீழே ஆற்றின் மேல் பொதிக்குதிரை போகிற அளவு குறுகலான பாலமும் இருக்கிறது. 'டோரதி பாலம்' என்றே பெயர். அந்தப் படியில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெரிய வரிசை. என் முறை வந்தபோது, அங்கே பணியில் இருந்த பெரியவர் மெல்ல, "இந்தப் பாலமும் படிகளும் டோரதி செத்த பிறகு கட்டியவை," என்றார். அவள் இறந்தது 1584. அவள் மேனர்ஸைக் கல்யாணம் பண்ணியது உண்மை. ஓடிப்போனதற்குத்தான் அந்தக் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை, அந்தக் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. எல்லாம் கேட்டுவிட்டும் படம் எடுத்துக்கொண்டேன்.

நீள் கூடம் என்கிற லாங் கேலரியில்தான் அதிக நேரம் நின்றேன். 110 அடி நீளம், இரு பக்கமும் மரப்பலகைச் சுவர். ஜன்னலில் சின்னச் சின்ன வைரக் கட்டமாகக் கண்ணாடி. ஒவ்வொரு சட்டமும் நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து புடைத்திருக்கிறது. பழசாகி வளைந்ததோ என்று நினைத்தேன், இல்லை, வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்க வேண்டுமென்றே அப்படி வைத்ததாம். மேகம் விலகும்போது தரை முழுக்க வெளிச்சம் ஓடுகிறது, கிணற்றடியில் எவர்சில்வர் குடத்தைத் திருப்பினால் சுவரில் ஓடுமே, அது மாதிரி. ஓபராவின் இரண்டாம் அங்கத்தில் விருந்து நடப்பது இந்தக் கூடத்தில்தான். இதில் ஒரு வேடிக்கை: இந்தக் கூடத்தைக் கட்டியதே ஜான் மேனர்ஸ், மாமனார் போய்ப் பல வருஷம் கழித்து. தான் இன்னும் கட்டாத கூடத்தில் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறார்.

கிரண்டியும் வரலாற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. கதையை நூறு வருஷம் பிந்திய காலத்துக்குத் தள்ளி, இரண்டாம் சார்லஸ் அரசனாகத் திரும்பிய காலத்தில் வைத்தார். அப்போதுதானே நகைச்சுவைக்குப் பியூரிட்டன்கள் கிடைப்பார்கள்! அவர்கள் மதக் கட்டுப்பாட்டின் பெயரில் பாட்டும் கூத்தும் கூடாது என்ற கூட்டம். ஓபராவில் அவர்களைக் கூட்டி வருபவன், டோரதிக்கு அப்பா நிச்சயிக்கும் உறவுக்காரன் ருபர்ட்.

விருந்து மண்டபத்தின் மரத்தடுப்பில் ஓர் இரும்பு வளையம் தொங்குகிறது. விருந்தில் தன் பங்குச் சாராயத்தைக் குடிக்காதவன் கையைத் தூக்கி அதில் பூட்டி, மிச்சத்தைச் சட்டைக் கைக்குள் ஊற்றுவார்களாம். கிரண்டி இதை நாடகத்தில் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1700 வாக்கில் குடும்பம் வேறு மாளிகைக்குக் குடிபோய்விட, இருநூறு வருஷம் ஆள் இல்லாமல் கிடந்த வீடு இது. 1920-களில்தான் வாரிசு ஒருவர் வந்து பழுது பார்த்தார். திரும்பும்போது பேக்வெல் தேவாலயத்தில் டோரதியும் மேனர்ஸும் எதிரெதிராக மண்டியிட்டிருக்கும் நினைவுச் சின்னத்தைப் பார்த்தேன். அப்பா கல்லறையும் அங்கேயே. ஓடிப்போன பெண்ணும் அப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே.

நான்காம் நாள்: ஒத்திகை

தேவாலயத்தை ஒட்டிய கூடம். மடக்கு நாற்காலி, தேநீர்ப் பாய்லர், பிஸ்கட் டப்பா. பதினெட்டுப் பேர் வாத்தியக்காரர்கள், முப்பது பேர் கோரஸ். கோரஸில் ஆண்கள் எட்டுப் பேர்தான், அதனால் பியூரிட்டன்களில் பாதிப்பேர் ஒட்டுத்தாடி வைத்த பெண்கள்.

மறந்த ஓபராவைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் எங்கோ பரணில் கையெழுத்துப் பிரதி கிடைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியும் நடந்திருக்கிறது. சல்லிவன் 1875-இல் எழுதிய 'தி ஸூ'வின் கையெழுத்துப் பிரதியை டெரன்ஸ் ரீஸ் என்பவர் 1966-இல் ஏலத்தில் எடுத்ததால்தான் அது மறுபடி மேடைக்கு வந்தது. 1871-இன் 'தெஸ்பிஸ்' இசையில் சில துண்டுகள் தவிர மற்றது இன்றுவரை இல்லை. ஆனால் ஹேடன் ஹால் தொலையவே இல்லை. பாட்டுப் புத்தகம் பல பழைய பியானோ இருக்கைக்குள் கிடக்கும். குறைந்தது பழக்கம்தான். டோய்லி கார்ட் குழு 1982-இல் மூடும்வரை ஊர் ஊராகக் கில்பர்ட் ஓபராக்களைச் சுமந்தது. இதைச் சுமக்க ஆள் இல்லை.

வயோலா அம்மா தன் பார்ட்டை, அதாவது தன் வாத்தியத்துக்கான இசைத்தாளை, என்னிடம் கொடுத்துப் பக்கம் திருப்பச் சொன்னார். வாடகைக்கு எடுத்தது. கையால் எழுதியதன் நகலின் நகல், சில ஸ்வரம் ஈ உட்கார்ந்த மாதிரி. அதைவிட எனக்குப் பிடித்தது ஓரத்தில் இருந்த பென்சில் குறிப்புகள். முன்பு வாசித்தவர்கள் எழுதியவை. 'இங்கே வேகம் கூட்டுவார், நம்பாதே.' 'வெட்டு.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'வெட்டு இல்லை!!' ஓர் இடத்தில் 'மதுபார் 9:40-க்கு மூடும்.' புயல் பகுதி தொடங்கும் இடத்தில் எழுத்தே இல்லை, ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் வரைந்திருந்தது. என்ன இது என்றேன். "முன்னால் நின்று குழுவை நடத்துகிற கண்டக்டரைப் பார் என்று அர்த்தம். எல்லா நாட்டிலும் இதே படம்தான்."

சண்டை, வெட்டுவது பற்றித்தான். கிரண்டியின் வசனம் நீளம், ஜோக் பழசு. ரம் தீவிலிருந்து வரும் மக்ராங்கி என்ற ஸ்காட்லாந்துக்காரன், பியூரிட்டன்களிலேயே முரடன். அவன் பேச்சு இங்கிலீஷ்காரர்களுக்கே புரியவில்லை. கண்டக்டர் இளைஞர், வசனத்தில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். கமிட்டியில் ஒரு முதியவர், "இது சல்லிவனுக்குச் செய்கிற துரோகம்," என்று எழுந்து நின்றார். வசனத்தைச் சல்லிவன் எழுதவில்லை என்று யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

என் கட்சி கண்டக்டர் பக்கம். இந்த மாதிரி மீட்பு வேலையில் ரெண்டு வகைக் கெடுதி உண்டு. ஒருவர் கத்தரியோடு வந்து கதையையே மாற்றிவிடுவார். இன்னொருவர் கற்பூரத்தோடு வந்து தூசியைக்கூடத் தட்ட விடமாட்டார். மக்ராங்கியின் பாட்டை வைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் வரும் பேச்சை எடுத்தது சரி. பாட்டு அருமையாக இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பைப்பின் சுருதி மாதிரி வாத்தியக்குழு ஒரே ஓசையைப் பிடித்து நிற்க, அதற்கு மேலே அவன் தன் பெருமையைச் சொல்கிறான்.

ஆனால் கண்டக்டர் ஒன்றை மட்டும் தொட விடவில்லை. இரண்டாம் அங்கத்தில், டோரதி கதவைத் தாண்டி மழையில் ஓடியதும் மேடை இருட்டாகி, புயல் இசை வருகிறது. அந்த நேரத்தில் வெளிப்புறக் காட்சியை எடுத்துவிட்டு நீள் கூடத்தைக் கொண்டுவர வேண்டும், அதற்காகச் சல்லிவன் எழுதியது. எங்கள் மேடையில் மாற்ற வேண்டியது ஒரு பெஞ்சு மட்டும். ரெண்டு பேர் பத்து விநாடியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "அப்புறம் எதற்கு இவ்வளவு இசை? ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து என்ன பண்ணுவார்கள்?" என்று மேடை மேலாளர். "கேட்பார்கள்," என்றார் கண்டக்டர். ஒருவரும் பேசவில்லை. பிறகு யாரோ இடிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். இடி, சமையலறையிலிருந்து எடுத்த பெரிய பேக்கிங் தட்டு. என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள்: அரங்கேற்றம்

நூற்று இருபது பேர் வந்திருந்தார்கள். பொருளாளர் வாசலில் நின்று தலையை எண்ணிக்கொண்டே இருந்தார்.

முதல் அங்கம் இழுத்தது. வசனத்தில் பாதி போயும் மீதிப் பாதி கனம். சிங்-சாங் சிமியன், கில்-ஜாய் கேண்டில்மாஸ் என்று பியூரிட்டன்கள் தங்கள் பெயர்களைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது. தாடி ஒன்று கழன்று விழுந்தபோது அதைவிட அதிகம். மேனர்ஸின் வேலைக்காரன் ரிப்பன் விற்பவனாக மாறுவேஷத்தில் வரும் பாட்டுக்குக் கைதட்டல். டோரதியாகப் பாடிய பெண் பல் மருத்துவராம். குரல் மெல்லியது, ஆனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவு.

இரண்டாம் அங்கம். கதவருகே நால்வர் பாட்டு. காதலர், வேலைக்காரன், தோழி. மேற்குக் காற்று ஊளையிடுகிறது என்று சின்னதாகத் தொடங்கி, பயமும் அவசரமும் ஏற ஏற, கூத்து மாதிரி இருந்த கதை சட்டென்று நிஜமாகிறது. அவள் படி இறங்குகிறாள். விளக்கு அணைந்தது.

எனக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியும், ஆனால் தட்டு பிடித்து நின்ற கை நடுங்கியது. சின்னக் குழுதான், வயலினே ஆறுதான். ஆனாலும் கீழ்ச்சுருதியில் தொடங்கிய அந்த உறுமல் கூடம் முழுக்கப் பரவியது. பெஞ்சை மாற்றும் இருவரும் பத்து விநாடியில் வேலையை முடித்துவிட்டு, போகாமல் அங்கேயே இருட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்டக்டர் கையைக் காட்டினார், தட்டை ஆட்டினேன். முதல் தடவை சீக்கிரம் அடித்துவிட்டேன். இரண்டாவது சரியாக விழுந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை "அம்மா, மழை!" என்றது.

மூன்றாம் அங்கத்தில் எல்லாம் சுபம். பியூரிட்டன்கள் ருபர்ட்டைக் கைவிடுகிறார்கள், மக்ராங்கி கில்ட் என்கிற ஸ்காட்லாந்துப் பாவாடையைக் கழற்றிக் கால்சட்டை மாட்டித் திருந்துகிறான், மகளும் மாப்பிள்ளையும் அரச ஆணையோடு வந்து அப்பாவின் சொத்தைத் திருப்பித் தருகிறார்கள். அதற்கு முன் கிழவர் வெர்னனும் மனைவியும் தனித்திருந்து பாடுகிறார்கள். மகளை இழந்த வீட்டில் மிஞ்சிய இருவர். இதைக் கில்பர்ட் எழுதியிருக்கவே மாட்டார் என்று தோன்றியது. முதிய பெண்களை அவர் கிண்டல்தான் செய்வார். கிரண்டியிடம் இல்லாதது நிறைய, ஆனால் இந்த ஒரு இரக்கம் அவரிடம் இருந்தது. சல்லிவனும் அதைப் பிடித்துக்கொண்டார்.

பிபிசி கன்சர்ட் ஆர்கெஸ்ட்ரா இதை முழுசாக வாசித்த பதிவு 2020-இல் வட்டாக வந்தது. அதில் எல்லாம் சுத்தம், புயலும் முறையான புயல். அக்கா வீட்டில் ராத்திரி போட்டுக் கேட்டேன். என் தட்டு இல்லாதது மட்டும் குறை.

பக்கத்து வீட்டு அம்மா பார்ட் கட்டோடு வந்தார். வாடகைக்கு எடுத்த பார்ட்களில் போட்ட பென்சில் குறியை அழித்துத்தான் திருப்பித் தர வேண்டுமாம், அதுதான் நிபந்தனை. ஹாலில் உட்கார்ந்து மூன்று பேரும் ரப்பரால் தேய்த்தோம். 'வெட்டு' போனது. 'வெட்டு இல்லை!!'யும் போனது. புயல் பக்கம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் காட்டிக் கேட்டேன். "அது நான் போட்டது இல்லை. எனக்கு முன்னால் யாரோ போட்டது," என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அவர் போன பிறகு அக்கா விளக்கைப் போட்டுக் கீழே பார்த்தாள். ரப்பர் துகள், கறுப்பாக, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை.

"ஏய், என் கார்ப்பெட்டைப் பாருடி!"